செந்தாமரை எழுதிய தீர்மானம்

காரைக்குடியில் செந்தாமரை கறுப்புக் கோட்டு மாட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஹைகோர்ட்டு வக்கீலுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்: "அவுக காகிதத்தோட பேசுவாக. நாங்க கூண்டுல நிக்கிற மனுசனோட பேசுவோம்." குறுக்கு விசாரணையில் அவளுக்குப் பெயர் உண்டு. குரலை உயர்த்த மாட்டாள். பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்பாள். நாலாவது கேள்வியில் சாட்சி நெற்றியைத் துடைக்க ஆரம்பிப்பார்.

பிறந்தது நெற்குப்பைப் பக்கம். அப்பா பெத்தன், நெல்லும் கடலையும் போட்டவர். ஒரு முழ வரப்புக்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர். "நம்ம வீட்டுலயே ஒரு வக்கீலு இருந்தா இந்த நடை மிச்சம்ல" என்று மகளை மதுரையில் சட்டம் படிக்க வைத்தார். அவள் படித்து முடித்து வந்தபோது வரப்பு இல்லை. அப்பாவும் எதிராளியும் ராசியாகி, ஒரே புரோக்கரிடம் நிலத்தை ப்ளாட் போடக் கொடுத்திருந்தார்கள்.

விசாரணை வழக்கறிஞர் சங்கம் என்ற சின்னச் சங்கத்தில் அவளோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர். கோர்ட்டுக்குப் பின்னால் ஓர் அறை, நீள மேசை, ஆளுக்கொரு நாற்காலி. மதியம் நாற்பத்திரண்டு டிபன் பாக்ஸும் ஒன்றாகத் திறக்கும். யார் வீட்டு ரசம் யார் சோற்றில் விழுகிறது என்று கணக்கே கிடையாது. செந்தாமரை மூன்றாவது தடவையாகச் செயலாளர். கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட் நோட்டில் அவள் எழுதுகிற தமிழுக்காகவே போட்டியில்லாமல் விட்டுவிடுவார்கள்.

புருஷன் சோமு மின்வாரியத்தில் ஃபோர்மேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மதுரையில் பைபாஸ் செய்தபோது சங்கத்திலிருந்து ஏழு பேர் வேன் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்தார்கள். இப்போதும் வீட்டில் வாக்குவாதம் வந்தால் சோமு, "நான் என்ன செய்ய? உடம்புல ஓடுறது வக்கீலு ரத்தம், பேசத்தான் சொல்லுது" என்பார். அந்த ஏழு பேரில் ஒருவர் ஸ்ரீநிவாசன்.

அந்த ஸ்ரீநிவாசன்தான் போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை அடிபட்டு வந்தார். சொத்துத் தகராறில் இடத்தை நேரில் பார்த்து அளந்து வர கோர்ட்டு ஒரு வக்கீலையே ஆணையராக அனுப்பும். கோட்டையூரில் ஒரு கடைச் சுவரை அப்படி அளந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவன் அளவு நாடாவைப் பிடுங்கி, குடைக் கம்பால் முழங்கையில் போட்டுவிட்டான். எலும்பில் கீறல்.

அரைமணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. உறுப்பினர் மீது கை வைத்தவனுக்காக எந்த உறுப்பினரும் ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போடுவது சங்கத்தின் பழைய வழக்கம். அடித்தவன் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது: பெயருக்கு இடம் விட்டு எழுதி, எஃப்.ஐ.ஆர். நகல் வந்ததும் நிரப்பிக்கொள்வது.

தலைவர் அருள்பாண்டி, "இந்த வழக்கில் ஆஜராவதில்லைன்னு போட்டுருத்தா" என்றார்.

ஸ்ரீநிவாசனின் வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்த செந்தாமரைக்கு அது போதவில்லை. "அன்னாருக்கோ அவர்தம் குடும்பத்தாருக்கோ, எந்த வழக்கிலும், எந்த நீதிமன்றத்திலும்" என்று எழுதி வாசித்தாள். மேசையைத் தட்டினார்கள். "இதுதான்க்கா எழுத்து" என்றார் சக வக்கீல் ரவிக்குமார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காலை எஃப்.ஐ.ஆர். நகல் வந்தது. பேனாவைத் திறந்து விட்டிருந்த இடத்தில் 'சின்னக்கருப்பு' என்று எழுதினாள். கோட்டையூரில் அந்தப் பெயரில் ஆளுக்கா பஞ்சம்? அடுத்து 'த/பெ முத்துக்கருப்பன்' என்று எழுதி, தெருப் பெயரைப் பார்த்தபோதுதான் பேனா நின்றது. அந்தத் தெரு, அந்த வீட்டு எண், அவள் ஆறு வருஷமாகத் தன் மனுக்களில் எழுதி வருவது. அன்னக்கிளியின் வீடு. சின்னக்கருப்பு அன்னக்கிளியின் புருஷன்.

அன்னக்கிளி செந்தாமரையின் கட்சிக்காரி. அப்பா வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று அண்ணன் மாயக்கண்ணன் மேல் போட்ட வழக்கு; அந்தக் கடைச் சுவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பங்கு வேண்டாமென்று தங்கையே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரம் காட்டினார். அன்னக்கிளி தான் கையெழுத்தே போடவில்லை என்கிறாள். வருகிற திங்கட்கிழமை மாயக்கண்ணன் கூண்டில் ஏறுகிறார்; செந்தாமரை குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போய், நீதிபதி 'கடைசி வாய்ப்பு' என்று எழுதியிருந்தார். திங்களன்று அவள் எழுந்து நிற்காவிட்டால் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று பதிவாகும். அண்ணன் சொன்னது அப்படியே நிற்கும். வீடு போகும்.

சாயங்காலம் அன்னக்கிளி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்த மனுசன் செஞ்சதுக்கு உள்ள இருக்காரு. கிடக்கட்டும். நானே நாலு போடணும்னுதான் இருந்தேன். என் கேசு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"குடும்பத்தாருக்கும்னு தீர்மானத்துல இருக்கு அன்னக்கிளி."

"எந்தப் புண்ணியவான் எழுதுனான் அதை?"

செந்தாமரை மேசையிலிருந்த வழக்குக் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு, "நான்தான்" என்றாள்.

அன்னக்கிளி முந்தானையை இழுத்துச் செருகினாள். "வேற வக்கீலு?"

"இங்க யாரும் வர மாட்டாக. பக்கத்து ஊருலயும் கேட்டுட்டேன். நம்ம தீர்மானத்தை அவுக மதிப்பாக, அவுக தீர்மானத்தை நம்ம மதிப்போம். நீயே நின்னு கேக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. கேள்வியெல்லாம் எழுதித் தாரேன்."

"எங்கண்ணன் முன்னாடியா? அவரு ஒரு மொறைப்பு மொறைச்சா எனக்கு ஒண்ணுக்கு வந்துரும். உங்களை நம்பித்தானம்மா ஆறு வருசமா நடக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் குடும்ப நாள். பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடும் விளையாட்டும். ஆண்டறிக்கை வாசிக்க வேண்டியவள் செயலாளர். போகாமல் இருக்க வழியில்லை. அங்கேயே கேட்டுவிடலாம் என்று அவளும் நினைத்திருந்தாள்.

எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் தோற்று, வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்த அருள்பாண்டியிடம் போனாள்.

"அண்ணே, 'எந்த வழக்கிலும்'ங்கிறதை மட்டும் எடுத்துருவோம். நாளைக்கு எனக்கு குறுக்கு விசாரணை இருக்கு."

"அதுக்குப் பொதுக்குழு கூடணும்த்தா."

"எல்லாரும் இங்கனதான இருக்கீக? அஞ்சு நிமிசம்."

"பொண்டாட்டி புள்ளையோட சோறு திங்க வந்த இடத்துல தீர்மானமா? அங்குட்டுப் பாரு. ஸ்ரீநி மூஞ்சியப் பாத்துட்டு நீயே எந்திரிச்சுக் கேளு, பாப்போம்."

ஸ்ரீநிவாசன் அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டபடி இடது கையால் வடை தின்றுகொண்டிருந்தார். அவள் அவரிடமும் போனாள். அவர் கோபப்படவில்லை.

"அந்தப் பொம்பள மேல எனக்கு ஒண்ணுமில்லக்கா. ஆனா ஒரு வாரங்கூட ஆகலை. இப்பவே ஓட்டை போட்டா நாளைக்கு எந்த வக்கீலு நாடாவைத் தூக்கிட்டு ஆணையராப் போவான்? நீங்க வாசிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. நமக்கு நாப்பத்தோரு பேரு இருக்காகன்னு."

அவள் அங்கிருந்து நகர்ந்தாள். மாயக்கண்ணனின் வக்கீல் ரவிக்குமார்தான். அவரும் அங்கேதான் இருந்தார்; நாளைக்கு வாய்தா வாங்க முடியுமா என்று அவரிடம் கேட்டாள். "நான் வாய்தா கேட்டா என் கட்சிக்காரன் சும்மா விடுவானா? நீங்க கேக்கணும்னா ஆஜராகணும். ஆஜராகக் கூடாது. விடுங்கக்கா, அப்பீல்ல பாத்துக்கலாம்" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

சாப்பாட்டில் ஸ்ரீநிவாசன் மனைவி கீர்த்தி பாயச வாளியோடு வந்து, அவள் இலையில் இரண்டு கரண்டி கூட ஊற்றினாள். "சோமு அண்ணனுக்கு இப்ப படியேற முடியுதாக்கா? இவரு தினம் கேப்பாரு." செந்தாமரை முடியுது என்று தலையை ஆட்டினாள். யாராவது ஒருத்தர் திட்டியிருந்தால் வீம்பாவது வந்திருக்கும். பாயசம் இலையில் ஓடியது. கையால் அணை கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சோமு, "போகாம இருந்துரு. காய்ச்சல்னு சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் வண்டி போனதும், "போகாம இருந்தா நீ ஒரு மாசம் என் உசிரை எடுப்ப. அதையும் யோசிச்சுக்க" என்றார்.

திங்கட்கிழமை அவள் போனாள். ஆஜராக இல்லை, சும்மா உட்காரத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வழக்குக் கட்டை எடுத்துப் போயிருந்தாள். கோர்ட்டில் வக்கீல்களுக்கான முதல் வரிசையில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சங்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அருள்பாண்டி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். நல்லபடியாக இரு என்கிற மாதிரி.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். மாயக்கண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கூண்டில் ஏறினார். அன்னக்கிளி தனியாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செந்தாமரைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நாற்காலி தூரம்.

"வாதிக்கு யார்? உங்க வக்கீல் எங்கம்மா?" என்றார் நீதிபதி.

அன்னக்கிளி செந்தாமரை பக்கம் திரும்பவே இல்லை. நேரே பார்த்துக்கொண்டு, "வரலைங்கய்யா" என்றாள். பிறகு, நீதிபதி நம்பவில்லையோ என்னவோ என்று, "அவுகளுக்கு உடம்புக்கு முடியலை" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நீதிபதி முதல் வரிசையைப் பார்த்தார். செந்தாமரை கட்டின் நாடாவைப் பார்த்தாள். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தட்டச்சரிடம் சொல்ல ஆரம்பித்தார்: "பிரதிவாதித் தரப்பு முதல் சாட்சி. குறுக்கு விசாரணை..."

"பதிய வேண்டாங்கய்யா."

எழுந்து நின்ற பிறகுதான் தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. "வாதிக்காக நான் ஆஜராகிறேன்."

பின்னால் இரண்டு நாற்காலிகள் நகர்ந்தன. ரவிக்குமார் தன் காகிதங்களை அவள் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார். அன்னக்கிளி அப்போதும் திரும்பவில்லை. ஆனால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"மாயக்கண்ணன், உங்க அப்பாவுக்குப் பதினாறாம் நாள் விசேசம் வீட்டுலதான செஞ்சீக?"

"ஆமா."

"கூட்டம் நெறையவா?"

"எரநூறு பேரு இருக்கும்."

"அவ்வளவு பேருக்கும் சமையல்?"

"சமையலுக்கு ஆளு வச்சோம். மேப்பார்வை தங்கச்சிதான். காலையில அடுப்பு பத்த வச்சதுலருந்து கடைசிப் பந்தி வரைக்கும் அவ அடுப்படிய விட்டு நகரலை." தங்கையைப் பெருமையாகச் சொல்கிற அண்ணனாகத் தெரிய அவருக்கு ஆசை.

"கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு?"

"ரெண்டு, ரெண்டரை."

"அதே தேதியில காலை பதினோரு மணிக்கு, சிவகங்கையில, நோட்டரி முன்னால உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டதாத்தான இந்தப் பத்திரத்துல இருக்கு?"

மாயக்கண்ணன் ரவிக்குமாரைப் பார்த்தார். ரவிக்குமார் காகிதத்தைப் பார்த்தார். தட்டச்சர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். மணி ஒன்றாகிவிட்டது. மீதி மூன்று மணிக்கு என்று நீதிபதி எழுந்தார்.

வராந்தாவில் அருள்பாண்டி நின்றிருந்தார். முகத்தில் கடுப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. "நல்லாத்தான் கேட்ட. இனி என் கையில ஒண்ணுமில்லத்தா. அஞ்சு மணிக்கு நிர்வாகக் குழு கூடணும். அறிவிப்புப் போட்டுரு."

"என் மேல நடவடிக்கைன்னு நானேவாண்ணே போடணும்?"

"செயலாளர் போட்டாத்தான செல்லும்? இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நீதான செயலாளரு."

சங்க அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிபன் பாக்ஸ் மூடிகள் திறக்கிற சத்தம். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ரிட்டயராக வயசு வரம்பில்லாத தொழில். இன்னும் இருபது வருஷமாவது இதே வராந்தா, இதே நாற்பத்தோரு முகம். தூணோரமாக நின்று வாட்ஸ்அப்பில் தட்டினாள். 'நிர்வாகக் குழு அவசரக் கூட்டம். மாலை 5 மணி. பொருள்: செயலாளர் தீர்மானத்தை மீறியது குறித்து. தவறாமல் வரவும். – செயலாளர்.'

அனுப்பி முடிப்பதற்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. 'சரி' என்று ரவிக்குமார். கட்டைவிரல் படம் போட்டு மூன்று பேர். ஸ்ரீநிவாசன் பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது; பதில் ஒன்றும் வரவில்லை.

அன்னக்கிளி நாலு படி கீழே நின்று, பக்கத்தில் வரலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் செந்தாமரை.

"இல்லம்மா."

"போயி ஏதாச்சும் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு முன்னாடி வந்துரு. நோட்டரிக்கு யாரு கூட்டிட்டுப் போனதுன்னு இனிமேத்தான் கேக்கணும்."

போன் மறுபடி அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்காமல், படியிலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள்.