எனக்கு வராத அம்மை

என் தம்பிக்கு அம்மை போட்ட பங்குனியில் எனக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து. அவன் பிழைப்பானா என்பதுதான் வீட்டில் எல்லாருக்கும் கவலை. எனக்கு மட்டும் இன்னொரு கவலையும் இருந்தது. அவன் பிழைக்க வேண்டுமானால் நான் போக வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இதைக் கதைபோலச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. "உன் அம்மாவா அப்படி?" என்கிறார்கள். அம்மாதான். கெட்டவள் இல்லை. அவளைக் குறை சொல்ல ஆரம்பித்தால் எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வீடு மிஞ்சாது.

தை அறுவடை முடிந்த கையோடு அம்மைப்பால் குத்துகிறவர் புதுச்சேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பிரெஞ்சு சர்க்கார் உத்தரவு என்று முந்தின நாளே தண்டோரா போட்டாகிவிட்டது. சாவடி வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மேல்கையில் ஒரு சொட்டுப் பாலை வைத்து, பல் வைத்த சின்ன இரும்பு ஒன்றை அதன்மேல் அழுத்தித் திருகினார். எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. தம்பி ஊரைக் கூட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி, தம்பியின் கையில் பால் வைத்த இடத்தைப் பரபரவென்று தேய்த்தாள். பிறகு சாம்பலைப் போட்டு இன்னொரு தேய்ப்பு. எங்கள் தெருவில் எல்லாத் தாய்மாரும் அந்த நேரத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மாரியாத்தா தானாக வருகிறவள், இரும்பை வைத்துக் கூப்பிட்டால் அவளுக்கு ஆகாது, பட்ட இடத்தை உடனே துடைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சர்க்காருக்கும் கை காட்டியாயிற்று, ஆத்தாளையும் பகைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது என் முறை. இன்னொரு மூடிப் பழம் அம்மா கையில் இருந்தது. அதற்குள் கொல்லையில் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு தாய்மாட்டிடம் ஓடிவிட்டது. பால் போய்விடுமே என்று அம்மா அதன் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுக்கு என் கை ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை, எரியுமே என்ற பயம். பெண்பிள்ளையின் கைக்கு அன்றைக்கு அவ்வளவுதான் மரியாதை.

நாலாம் நாள் என் கையில் ஒரு தடிப்பு. ஏழாம் நாள் அது நீர் கோத்துக் கொப்பளித்து, அக்குளில் நெறி கட்டி, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். குத்தினவர் பார்வையிட மறுபடி வந்தபோது என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கு" என்றார். எடுக்காத கையைப் பார்த்தால் மறுபடி குத்திவிடுவார் என்று தம்பியை அம்மா நெற்குதிருக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தாள். "மாமன் வூட்டுக்குப் போயிருக்கான்பா" என்று அவரிடம் சொன்னாள். குதிருக்குப் பின்னாலிருந்து தம்பி சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் வந்துதான் என் மனசு முட்டி நிற்கிறது.

பங்குனியில் தம்பிக்கு அனலாகக் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். அம்மா சந்தோஷத்தில் ஓடி ஓடிப் பிசைந்து ஊட்டினாள். உச்சிவேளையில் அவன் நெற்றியில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். சோற்றுக் கையை அப்படியே எடுத்துக்கொண்டு, எழுந்து, தூர நின்று அவனைக் கும்பிட்டாள்.

அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் தம்பி இல்லை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தாளிப்பு நின்றது. யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அப்பா மாட்டுக்கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். போன வாரம் வரை அடி வாங்கிக்கொண்டிருந்த பையனிடம் அம்மா, "இன்னா வேணும் தாயே, சொல்லுங்க" என்று கை கட்டி நின்றாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவனைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

முத்துகள் நீர் கோத்து முகம் முழுக்க ஒன்றோடொன்று சேர்ந்தன. காய்ச்சல் திரும்ப ஏறியது. கண்கள் வீங்கி ஒட்டிக்கொண்டன. ஆனாலும் நான் கதவுப்பக்கம் போனால் அவனுக்குத் தெரிந்தது. மத்தியான வெயிலில் தெருவே மூச்சு விடாமல் கிடக்கும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து, "அக்கா நிக்கிறா" என்பான். குரல் கரகரவென்று, அவனுடையது மாதிரியே இருக்காது. காலடி கேட்டிருக்கும் என்று இப்போது சொல்லலாம். அப்போது நான் வாசலுக்கு ஓடிவிடுவேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மாரியம்மன் கோயில் பூசாரி வந்து உட்கார்ந்திருந்தபோது அவன், "எனக்கு அக்கா வேணும்" என்றான். ஐந்து வயதுப் பிள்ளை, விளையாட ஆள் கேட்டிருக்கிறான். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

"புள்ளையா கேக்குது? ஆத்தா கேக்குறா. பொண்ணக் கேக்குறா" என்றார்.

அம்மா வேப்பிலைக் கொத்தின் முன்னால் மண்டியிட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். "பொண்ண எடுத்துக்க தாயே. புள்ளைய வுட்டுடு."

அப்பா அப்போது வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வயல்பக்கம் போய்விட்டார்.

அம்மா என்னைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தம்பி படுத்திருந்த வேப்பிலைப் படுக்கையிலேயே பக்கத்தில் படுக்க வைத்தாள். அவன் கையை நீட்டித் தடவி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். அவன் உடம்பிலிருந்து வந்த வாடையை எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது. ஓடிவிடலாம் என்றிருந்தது. விரலை உருவிக்கொள்ள மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அம்மா என்னைக் கொல்லைப்புற வெளிச்சத்துக்குக் கூட்டிப் போவாள். பாவாடையை அவிழ்த்து நிறுத்தி, நெற்றி, காதின் பின்புறம், உள்ளங்கை, உள்ளங்கால் என்று அங்குலம் அங்குலமாகத் தேடுவாள். ஒரு புள்ளிக்காகத்தான் தேடினாள். கொசுக்கடி கிடைத்தால் அவள் முகம் மலரும், மறுநாள் அது அமுங்கியிருந்தால் வாடும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா என்னை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேரம் தொட்டதே இல்லை. அவளைச் சந்தோஷப்படுத்த எப்படியாவது ஒரு முத்து வந்துவிடாதா என்று தம்பி குடித்து வைத்த மிச்சக் கூழை எடுத்துக் குடித்தேன்.

வரவில்லை. ஏன் என்று தெரியப் பதினைந்து வருஷம் ஆயிற்று. என் மகளுக்குக் குத்த வந்த நர்ஸம்மா சொன்னார்: கையில் வீங்கி, நெறி கட்டி, காய்ச்சல் வருகிறதே, அது சீக்கு இல்லையாம். உடம்பு எதிரியை அடையாளம் கண்டு அடித்துப் பழகுகிறதாம். பழகின உடம்பு நிஜ அம்மையைப் பக்கத்தில் சேர்க்காது. அவர் இதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே என் மகளின் கையைப் பிடித்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அப்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அம்மைப் படுக்கையிலேயே படுத்து, எச்சில் கூழ் குடித்து, ஒரு புள்ளி இல்லாமல் எழுந்து வருகிற பெண்ணை ஊர் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியது. தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். பெரிய மனுஷிகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எனக்கு வழி விட்டார்கள்.

முத்து போட்ட பத்தாம் நாள் மத்தியானம் தம்பி தெளிவாகப் பேசினான். "அக்கா, தள்ளிப் படு. சுடுது" என்றான். அவனுடைய பழைய குரல். நான் தள்ளிப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுண்டுவிரலில் பிடி தளர்ந்திருப்பது தெரிந்தது. தூங்குகிறான் என்று நினைத்து அசையாமல் கிடந்தேன். அம்மா இளநீரோடு வந்து பார்த்தாள்.

ஆத்தா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக் கூடாது. அம்மா அழவில்லை. வேப்பிலையில் சுற்றி, மேளம் இல்லாமல், வெயிலோடு வெயிலாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள். இனி எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பாவாடையை அவிழ்த்தாள். நெற்றி, காது, கை, கால் எல்லாம் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். என் உடம்பு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பாவாடையைத் திரும்பக் கட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய், என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெற்ற மகளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

அப்படியே சாணித்தரையில் விழுந்து என் இரண்டு பாதங்களையும் கட்டிக்கொண்டாள்.

"நீதான்னு தெரியாம போச்சு தாயே. எம்புள்ளையத் திருப்பிக் குடுத்துடு."

"எழுந்திரும்மா" என்றேன்.

எழவில்லை. நெற்றியை என் கால்விரல்களில் இடித்துக்கொண்டே இருந்தாள். பத்து நாளாக அடக்கி வைத்த அழுகை என் பாதத்தில் சுடச் சுட விழுந்தது. எனக்கும் அழுகை முட்டியது, ஆனால் அழுதால் அவள் இன்னும் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. அவளை எழுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"குடுக்கிறேம்மா" என்றேன்.

அம்மா இடிப்பதை நிறுத்தினாள். முகத்தை நிமிர்த்தாமலே, கும்பிட்ட கையோடு, "எப்போ?" என்று கேட்டாள்.