சீட்டுக்கு அடியில் பாட்டரி

1. புகை

ஜீப்பின் ஸ்டாப்பர் கேபிளிலிருந்து புகை வந்தபோது என் மகள் பட்டறையின் உள்ளறையில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாவியை விட்டுவிட்டு நேராகத் தொட்டிலுக்குத்தான் ஓடினேன். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் புகை நின்றிருந்தது. ஜீப் சும்மா நின்றது.

போடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறோம். பெயர்ப்பலகையில் என் கணவர் பாண்டியின் பெயர் மட்டும் இருக்கிறது. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள். கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். அவர் வெளிவேலைக்குப் போகும் நாட்களில் பட்டறை என் பொறுப்பு. டிப்ளமோ படிக்கும் பெண்கள் சிலர் என்னிடம் வந்து, "இந்தத் தொழிலுக்கு வரலாமாக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

ஜீப் தவசி அண்ணனுடையது. என்னைவிட வயதில் மூத்த டீசல் வண்டி. வார நாட்களில் சிலமலைக் கிராமத்துப் பெண்களை ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேற்றும். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் குரங்கணிக்குக் கூட்டிப் போகும். பழைய ஜீப் என்றால் இப்போது தனி மவுசு. அதனால் பாடியைக் கழற்றிப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"பாட்டரிய முன்னாடி இருந்து எடுத்துப் பின் சீட்டுக்கு அடியில வச்சிருத்தா. அந்த எடத்துல பாட்டுப்பொட்டி ஆம்ப்ளிபயரு வரணும்" என்றார்.

பாட்டரியை இடம் மாற்றுவது தப்பில்லை. தடித்த கேபிளை வண்டியின் அடிச்சட்டமான சேஸ் ஓரமாக, உரசாமல் ரப்பர் கொடுத்து இழுத்தேன். மைனஸைச் சேஸின் அடிப்பக்கத்தில் வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் இறுக்கினேன். பிறகு இஞ்சினைக் கிளப்பச் செல்ஃப் அடித்தேன். அப்போதுதான் அந்தப் புகை.

2. மீட்டர்

நான் பயந்த சுபாவம். கேஸை மூடிவிட்டுக் கிளம்பினால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். மகள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் என் பயத்தை நானே நம்புவதில்லை. மீட்டரை நம்புவேன்.

ஒரு முனையைப் பாட்டரி மைனஸிலும் மறுமுனையை இஞ்சினிலும் வைத்து, மறுபடி ஒரே ஒரு நொடி செல்ஃப் அடித்தேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய மீட்டர் நாலைத் தாண்டியது. நான் எங்காவது தப்பாக மாட்டிவிட்டேனோ என்று எல்லா முனைகளையும் கழற்றித் திரும்ப மாட்டினேன். அதே நாலு.

காரணம் சாதாரணமானது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் இஞ்சின் வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். இஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேஸையும் இணைப்பது ஒரு செம்புப் பட்டை. அதுதான் எர்த். பெயிண்ட் அடித்தவர் சேஸில் அந்தப் பட்டை உட்காரும் இடத்தையும் வழவழவென்று பூசிவிட்டு, பூச்சின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகுமா? அது வேறு வழி தேடியது. இஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப்பர் கேபிள் இஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்கு வருகிறது. அந்த மெல்லிய கம்பி வழியாக அவ்வளவு கரண்டும் பாய்ந்திருக்கிறது. அந்தக் கம்பி எரிந்து அறுந்தால், மலைப்பாதையில் இஞ்சினை நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது.

தவசி அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தார். விளக்கிச் சொன்னேன்.

"இவ்வளவு எடத்துல மட்டும் பெயிண்டச் சொரண்டணும்ணே" என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

"சொரண்டவா? நாளன்னைக்கு வெள்ளிக்கிழம. கோயில் முன்னாடி நிப்பாட்டிப் பூச போடப் போறேன். அதுக்குள்ள மேல கீறல் விழுந்தா வண்டி மூளியாப் போகும். பூச முடியாம ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

"பூசைக்கு முன்னாடி லோடு மட்டும் ஏத்தலாமாண்ணே?"

"வாய் பேசுற நீ. ரெண்டு தடவ அடிச்சா எடுக்குதுல்ல, அது போதும்."

பாட்டரிக்கு மூடி போட்ட பெட்டி வேண்டும் என்றேன். சீட்டின் இரும்புச் சட்டம் பிளஸ் முனைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் இருந்தது. அதைவிட, தோட்டத்துக்குப் போகும் பெண்கள் எல்லோரும் எவர்சில்வர் தூக்குவாளியைச் சீட்டுக்கு அடியில்தான் தள்ளுவார்கள். வளைவுக்கு வளைவு வாளிகள் உருளும். ஒரு வாளி பிளஸையும் சட்டத்தையும் ஒன்றாகத் தொட்டால் போதும். குளிருக்குப் படுதாவை இறக்கிக் கட்டிய வண்டியில், ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே தீப்பொறி பறக்கும். இறங்க இருப்பது ஒரே வழி, பின்பக்கம்.

"பொட்டி வச்சா கால் வைக்க எடமிருக்காது. ஒரு ஆளு கொறையும்" என்றார். பிறகு என் தோளில் கிடந்த மகளைப் பார்த்தார். "பிள்ளையப் பாரு ஆத்தா. பாண்டி வந்ததும் அவன்கிட்டப் பேசிக்கிறேன்."

3. போனில்

என் கணவர் தேவாரம் ஊரில் ஒரு மோட்டார் வேலையில் இருந்தார். போன் போட்டேன். மீட்டர் காட்டியதைச் சொன்னேன். நாலு வோல்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

"பழைய கஸ்டமரு செல்வி. அவரு சொல்றபடி மாட்டிக் குடுத்துரு."

"கேபிள் புகைஞ்சதுங்க."

"உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயமாச்சே. வெரசா முடிச்சு அனுப்பு, அடுத்த வண்டி வருது."

கஸ்டமரிடம் ஒரு வார்த்தை கடினமாகப் பேசக் கூச்சம் அவருக்கு. அந்தக் கூச்சத்தை என் பயத்தின் மேல் ஏற்றிவிட்டார். நான் போனை வைத்துத் திரும்புவதற்குள் தவசி அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். சாவியை நான் என் கையில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கணவர் வந்ததும் மறுபடி சொன்னேன். "போயிட்டாருல்ல, விடு" என்றார். விட முடியவில்லை. நான் பயந்தாங்கொள்ளியா, மீட்டர் சொன்னது சரியா என்று எனக்குள்ளேயே வழக்கு நடந்தது. மீட்டருக்குப் பயம் கிடையாது என்பது ஒன்றுதான் பதிலாக இருந்தது.

4. ஜீப் ஸ்டாண்டு

விடிந்ததும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலமலைக்குப் போனேன். தவசி அண்ணன் பாட்டை அலறவிட்டு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். பாட்டரிக்கு நேர் மேலே அன்னக்கொடி அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம் என் மகளைக் கொஞ்சிவிட்டுப் போகிறவர். அவரது வாளி ஏற்கனவே அடியில் போயிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். இறங்குங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "வாளிய மட்டும் எல்லாரும் மடியில வச்சுக்கங்கக்கா" என்றேன்.

"மடியில வாளிய வச்சா எந்தக் கையால கம்பியப் பிடிக்க? இவன் வளைவுல ஒடிக்கிற ஒடிப்புக்கு நான் டிரைவர் மடியிலதான் போய் விழுவேன்."

"அவரு மடியில எடமில்லக்கா, ஸ்பீக்கரு இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வண்டியே சிரித்தது.

தவசி அண்ணன் இறங்கி வந்தார். "ஏம்மா, காலங்காத்தால பொழப்பக் கெடுக்க வந்தியா? பச்சப்பிள்ளைய வேற தூக்கிட்டு."

அன்னக்கொடி அக்கா எழுந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தார். வாளியின் கைப்பிடி சிவப்பு முனையை ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. சிரிப்பு நின்றது. அவர் மெதுவாக வாளியை வெளியே எடுத்தார்.

"தவசி, உன் சம்சாரத்தக் கூட்டியா."

"எதுக்கு?"

"இந்த எடத்துல உக்கார வய்யி. அது உக்காந்தா நானும் பக்கத்துலயே உக்காந்து வர்றேன்."

அன்னக்கொடி அக்கா இறங்கினார். பின்னாலேயே ஒவ்வொருவராக வாளியோடு இறங்கி, வேறு ஜீப்பைப் பார்த்து நடந்தார்கள். காலி வண்டியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

5. உப்புத்தாள்

அன்றே ஜீப் பட்டறைக்குத் திரும்பி வந்தது. தவசி அண்ணன் சாவியை மேசையில் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் டீக்கடைக்குப் போனார். என் கணவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்க சொரண்டணும் செல்வி?"

"உங்களுக்குத் தெரியாதா?"

அவர் குனிந்து சரியான இடத்தில்தான் தேய்த்தார். இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, பட்டையை இறுக்கி, துருப் பிடிக்காமல் கிரீஸ் தடவினார். ஸ்டாப்பர் கேபிளைப் புதிதாக மாற்றினோம். பாட்டரியை ரப்பர் விரித்த பெட்டியில் இறக்கி மூடியை நான் முறுக்கினேன். செல்ஃப் அடித்தால் மீட்டரில் கால் வோல்ட்கூட இல்லை.

"நீ சொன்னது சரிதான்" என்றார்.

"அத நேத்து போன்ல சொல்லியிருக்கணும்" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று மகளுக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. சுரண்டிய இடம் பட்டைக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பாட்டரிப் பெட்டியின் மூடிக்கும் தவசி அண்ணன் சந்தனம் குங்குமம் வைத்தாராம். அன்னக்கொடி அக்கா சொன்னார். என்னிடம் தவசி அண்ணன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அவரைப் பார்த்தால் எரிகிறது.

தொழிலுக்கு வரப்போகும் பெண்களே, உங்களுக்குப் பயம் வந்தால் மீட்டரை எடுங்கள். அது சொல்வதை வண்டிக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். பாட்டரிக்கு மேல் உட்காரப் போகிறவர்களிடமும் சொல்லுங்கள். இப்போது யார் வந்து பாட்டரியை இடம் மாற்றக் கேட்டாலும், அந்த இடத்துக்கு மேலே யார் உட்காருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.