ஒரு டம்ளர் குளுக்கோஸ்

விழித்தபோது கணுக்காலில் கொசு உட்கார்ந்திருந்தது. கடிப்பது நன்றாகத் தெரிந்தது. உதறினேன். உதறிவிட்டதாகவே மனம் நம்பியது. கொசு மட்டும் எழவில்லை.

முந்தின நாள் கரையான்சாவடியில் மைத்துனன் மகளுக்குக் காதுகுத்து. அண்டா தூக்கி, நாற்காலி அடுக்கி, பிரியாணியும் பிரெட் அல்வாவும் இரண்டு சுற்று தின்றுவிட்டு வந்து படுத்தவன் நான். ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் தங்காதவன். ரயிலில் இடமிருந்தாலும் நின்றுகொண்டே அம்பத்தூர் போகிறவன்.

மின்விசிறி சுற்றியது. ஏரிப்பக்கம் தண்ணீர் லாரி பின்வாங்கும் சத்தம். எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. என்னிடமிருந்து எதுவும் புறப்படவில்லை.

"எந்திரி, பால் பொங்குது" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"கால் வரல."

"எங்க வரல? நேத்து மச்சானோட சேந்து ஊத்திக்கினியா?"

சிரித்தபடி வந்தவள் என் முழங்காலைத் தூக்கி விட்டாள். ஈரமணல் மூட்டை போல் அது விழுந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஓடி வந்தார். "சுகர் எறங்கிகீது அண்ணி. எங்க நைனாவுக்கும் இப்டித்தான். குளுக்கோஸ் கலக்கு, அண்ணாத்தே எந்திரிச்சு ஓடுவாரு பாரு." அவரே பாக்கெட்டைக் கொண்டுவந்தார். மனைவி என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். ஒரு டம்ளர் குடித்தேன். தித்திப்பாக இருந்தது. இன்னொன்றையும் கையில் கொடுத்தாள்.

அரைமணி போயிருக்கும். டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. மிச்சம் மடியில் கவிழ்ந்தது. தொடையில் ஈரம் ஓடுவது தெரிந்தது. துடைக்கக் கை வரவில்லை.

இருவரும் என்னைப் போர்வையில் சுருட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியெல்லாம் மனைவி என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மூச்சு வுடறியா? வுட்டுகினே இரு." அவள் மடியில் ஒரு பாட்டில் நிறைய குளுக்கோஸ் தண்ணீர்.

மருத்துவமனையில் அதை மறுபடி என் வாயருகே கொண்டுபோனாள். "அதைக் கீழ வைங்கம்மா" என்றார் டாக்டரம்மா. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் கேட்டார்: "இவர் ஒரு இடத்துல உட்கார மாட்டாரா? கை நடுங்குதா?"

"ஒரு வருசமா ஏரிக்கரைய பேய் மாதிரி சுத்திகினு கீறாரு."

"தைராய்டு அதிகமா சுரந்தா, பொட்டாசியத்த செல்லுக்குள்ள இழுக்கற பம்பெல்லாம் வெறி பிடிச்ச மாதிரி ஓடும். சோறோ இனிப்போ நிறைய உள்ள போனா இன்சுலின் வரும். செல் மேல அதுக்குன்னே இருக்கற ஏற்பியத் தொட்டு, 'இன்னும் இழு'ன்னு சொல்லும். ரத்தத்துல இருக்கற பொட்டாசியம் உள்ள போயிடும். அது வெளிய வர்ற வாசல் இவருக்குச் சரியாத் திறக்கல. அப்புறம் நரம்பு எவ்வளவு கத்தினாலும் தசைக்குக் கேக்காது."

மனைவி பாட்டிலைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "நான்தான் குடுத்தேன்" என்றாள்.

பொட்டாசியம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. உலை வைத்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல அவள் என் கால் கட்டைவிரலைப் பார்த்திருந்தாள். மதியம் வெடுக்கென்று எழுந்து, "அசைஞ்சிச்சு!" என்றாள்.

நான் அசைக்கவில்லை. அந்நேரம் கூரையின் விரிசலை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் கொசுவுக்காக நான் அனுப்பிய உதறல் இப்போதுதான் வந்து சேர்ந்ததோ என்று தோன்றியது.

இப்போது மாத்திரை. ரயிலில் உட்கார்ந்து போகிறேன். ஏரிக்கரையில் ஒரு வருஷம் விடாமல் நடந்தது நான்தானா, கழுத்துக்குள் இருக்கும் அந்தச் சுரப்பியா என்று தெரியவில்லை.

தினமும் விடிந்ததும் மனைவி கால்மாட்டில் வந்து போர்வையை விலக்குகிறாள். "காட்டு."

விரலிடம் சொல்கிறேன். அது அசைவதற்கு முன் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் இருவரும் மூச்சு விடுவதில்லை.