ஏழு கிலோவுக்குள் ஒரு கல்

பிளாரன்ஸ் 1962ஆம் ஆண்டு புன்னைக்காயலில் பிறந்தார். என் அண்ணன் ரோச்சின் மனைவி. ரோச் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் சுக்கானியாக இருந்தார். 2009இல் கொழும்புத் துறைமுகத்தில் நெஞ்சுவலியால் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர வழியின்றி, அங்குள்ள ஒரு பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மண்மேட்டில் ஒரு மரச்சிலுவை. அதில் எண் மட்டும் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகன், அனிஷ்.

2023 ஆகஸ்டில் கொழும்பு சென்றுவந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். சிலுவை உளுத்து விழுந்துவிட்டது. பெயர்க்கல் இல்லாத குழிகளை, நவம்பரில் வரும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பிறகு தோண்டி வேறு உடல்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள். கல் இருந்தால் தொடமாட்டார்கள்.

கொழும்பிலேயே ஒரு கல் வெட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் கல்லறைக் கல்லை முதலில் வீட்டுக்குக் கொண்டுவருவோம். வீட்டார் அனைவரும் அதில் கைவைத்து வேண்டுவோம். பங்குச் சாமியார் மந்திரித்த பிறகே அது கல்லறைக்குப் போகும். கைபடாத கல்லுக்குக் கீழே ரோச்சைக் கிடத்த பிளாரன்ஸ் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையூரணியில் கல் வெட்டும் ஜெயகணேஷிடம் கறுப்புக் கல்லில் பெயரும் ஆண்டுகளும் பொறிக்கச் சொன்னார். கல் வந்தது, கைவைத்தோம், மந்திரித்தாயிற்று.

மதுரையிலிருந்து போகும் விமானத்தில் கிடைத்த குறைந்த விலைச் சீட்டுக்குக் கையில் எடுத்துச்செல்லும் ஒரு பை மட்டுமே உண்டு. பையும் உள்ளிருப்பதும் சேர்ந்து ஏழு கிலோ. கடற்கரை மீன் ஏலக்கூடத்தின் தொங்கு தராசில் கல்லைக் கட்டித் தூக்கிப் பார்த்தார் பிளாரன்ஸ். முள் ஆறில் நின்றது. மீதி ஒரு கிலோ.

தூத்துக்குடியில் ஜேசுபாதம் அண்ணாச்சியின் பயணப்பெட்டிக் கடைக்கு நாங்கள் மூவரும் போனோம். அனிஷ் எடுத்தவுடன் கெட்டியான சக்கரப் பெட்டி ஒன்றைக் காட்டினான்.

“இத வாங்கும்மா. மாடு ஏறி மிதிச்சாலும் நெளியாது.”

“மாடு எதுக்குலே பிளேன்ல ஏறுது?” என்றார் பிளாரன்ஸ். ஒற்றை விரலைப் பிடியில் மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “இதுவே மூணு கிலோ இருக்கும்.”

அடுத்தடுத்து எட்டுப் பத்துப் பெட்டிகளை அப்படியே விரலால் தூக்கினார். மீன் வாங்கி விற்ற விரல், கணக்குத் தவறாது. அண்ணாச்சிக்குப் பொறுமை போயிற்று.

“ஏக்கா, வெறும் பெட்டிய இப்படி எட போடுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். உள்ள அப்படி என்னத்தத்தான் கொண்டு போறீய?”

“எங்க வீட்டுக்காரரு பேர.”

நான் விவரம் சொன்னேன். அண்ணாச்சி பெட்டிகளை ஓரம் தள்ளினார். உள்ளே போய், சக்கரமும் சட்டமும் இல்லாத நைலான் பை ஒன்றை எடுத்துவந்தார். மடித்தால் உள்ளங்கையில் அடங்கியது.

“இதுக்குக் கொறஞ்ச எடையில பை கெடையாதுக்கா. காத்துலதான் தைக்கணும்.”

புறப்படும் முன்பு ஏலக்கூடத்தில் மறுபடியும் நிறுத்தார்கள். பை, கல், ஒரு சேலை, மாத்திரைகள். முள் சரியாக ஏழில் நின்றது. “இனி ஒரு ஊக்குகூட வைக்கக் கூடாது” என்று பிளாரன்ஸ் பையை மூடினார்.

அந்தத் தராசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனைக் கூடையோடு தொங்கவிட்டு நிறுப்பதால், கூடையின் எடை கழியும்படி முள்ளை ஒன்றரைக் கிலோ பின்னுக்குத் திருகி வைத்திருப்பார்கள். அந்தக் கரையில் இது தெரியாத ஆள் கிடையாது. பிளாரன்ஸ் ஆயுள் முழுவதும் அந்தத் தராசில் வாங்கி விற்றவர். மீனல்லாத ஒன்றை, கூடையில்லாமல், அதில் யாரும் நிறுத்ததில்லை. அதனால் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

மதுரை விமான நிலையத்தில் நடந்ததை அனிஷ் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். மற்றதைப் பிளாரன்ஸ் பின்னர் என்னிடம் சொன்னார். பை எட்டரைக் கிலோ காட்டியது.

“அம்மா, ஒன்றரைக் கிலோ குறைக்கணும்” என்றாள் அங்கிருந்த பெண்.

பிளாரன்ஸ் சேலையை எடுத்து வெளியே வைத்தார். மாத்திரைகளை இடுப்பில் செருகினார். போதவில்லை. பையையே உருவிப் போட்டுவிட்டு, கல்லை மட்டும் தராசின்மீது வைத்தார்.

“கல்லு மட்டுமே ஏழரை இருக்கும்மா.”

“எங்க ஊர்த் தராசுல ஆறுதான தாயி காட்டிச்சு. இன்னொருக்கப் போட்டுப் பாரேன்.”

அந்தப் பெண் மறுபடியும் போட்டுக் காட்டினாள். அதே ஏழரை. பணம் கட்டிச் சரக்கில் ஏற்றலாம், ஆனால் கார்டில்தான் கட்ட முடியும் என்றாள். பிளாரன்ஸிடமும் அனிஷிடமும் கார்டு இல்லை. அந்தப் பெண்ணே மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். சரக்குப் பதிவு நேரமும் முடிந்துவிட்டது.

பிளாரன்ஸ் கல்லை மார்போடு அணைத்து வாசலுக்கு வந்து மகனிடம் கொடுத்தார்.

“வீட்டுல வைலே. குப்புறப் போட்றாத.”

நைலான் பையில் ஒரு சேலையோடு கொழும்புக்குப் போனார். எண்ணைச் சொல்லி இடத்தைக் கண்டுபிடித்து மெழுகுவர்த்தி கொளுத்தினார். கல் எங்கே என்று காவலாளி கேட்டார். பின்னால் வருகிறது என்றார் பிளாரன்ஸ்.

பின்னால் எதுவும் போகவில்லை. ஊர் திரும்பியதும் நீரிழிவால் கால் புண்ணாகி அவர் படுக்கையில் விழுந்தார். அனிஷால் அவரை விட்டு நகர முடியவில்லை. 2024 பிப்ரவரியில் அந்தக் குழியைத் தோண்டிவிட்டதாகத் தகவல் வந்தது. நாங்கள் அதை அவரிடம் சொல்லவில்லை. கல்லை எப்போது அனுப்புவது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வாண்டு ஜூலையில் இறந்தார். உடல் இல்லாத பெயர்க்கல்லைப் புன்னைக்காயல் கல்லறையில் வைக்க இடமில்லை. அது அனிஷின் வீட்டில், எழுத்து மேலே தெரிய, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ரோச்சுக்கு அந்த மண்ணில் இடம் இருந்தது பதினைந்து ஆண்டுகள்.