இரண்டாவது கியர்

என் ஜீப்பின் பின்பக்கம் ‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று எழுதியிருக்கும். எழுதிய பெயிண்டருக்குக் கை நடுக்கம். அதனால் ‘இலவசம்’ மட்டும் கொஞ்சம் கீழே சரிந்து, மனசில்லாமல் சேர்த்த மாதிரித் தெரியும். என் குணத்துக்கு அது பொருத்தம்தான் என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வார்கள்.

பண்ணைக்காட்டில் நான் ஜீப் ஓட்டிய காலம் அது. வாழைத்தார், மிளகு மூட்டை, காபிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் ஒரே வண்டியில்தான். வாத்தியார் மடியில் வாழைத்தாரா, வாழைத்தார் மடியில் வாத்தியாரா என்பது வளைவைப் பொறுத்து மாறும். இப்படிப் பேசிப் பேசியே வண்டி ஓட்டியவன் நான். சிரிக்கிற ஆட்கள் குலுக்கலைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார்கள் என்பது என் தொழில் ரகசியம்.

ஸ்டாண்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மாசமான பெண் வண்டியில் இருந்தால் இரண்டாவது கியருக்கு மேல் போகக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. எதிரே வருகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். பிள்ளையோடு திரும்பும்போதும் அப்படித்தான்; அப்போது டிரைவருக்கு ஒரு கை சீனி கொடுப்பார்கள். வெறும் சாலையில் ஒரு ஜீப் முனகிக்கொண்டே ஏறுகிறதென்றால், டீக்கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவனும் சொல்லிவிடுவான், உள்ளே பிள்ளை இருக்கிறது என்று.

அப்படி நான் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள் நிறைய. சில பிள்ளைகள் வளர்ந்த பிறகும் என்னைப் பார்த்தால் அழும். பிறந்ததும் பார்த்த முகம் இது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

என் மனைவிக்கு வலி வந்த அன்று நான் பாச்சலூர்ப் பாதையில் இருந்தேன். வேறொரு பெண், இலவசம், இரண்டாவது கியர். மலையில் அப்போது செல்போனுக்கு டவர் கிடையாது. அக்கம்பக்கத்தார் என் மனைவியை வாழைக்காய் லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. கர்ப்பப்பை கிழிந்து, உயிரைக் காப்பாற்ற அதை எடுத்துவிட்டார்கள். நான் ஏற்றிப்போன பெண்ணுக்கு சுகப்பிரசவம், ஆண் குழந்தை. அவர்கள் கொடுத்த சீனியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் என் மனைவி கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தச் சட்டையில் ரொம்ப நாள் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

கர்ப்பப்பையை எடுத்ததை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளை தங்கவில்லை என்று மட்டும் சொன்னோம்.

மூன்று வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டரம்மா எங்களை எதிரே உட்காரவைத்துப் பேப்பரில் படம் போட்டார். “உங்க மனைவியோட கருமுட்டை நல்லா இருக்கு. உங்களோடதும் பரவாயில்ல,” என்றார். பள்ளிக்கூடத்தில்கூட நான் வாங்காத மார்க் அது. என் மனைவி மேஜைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள், பல்லைக் காட்டாதே என்று.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். எங்கள் இரண்டு பேருடைய கருவை வேறொரு பெண்ணின் வயிற்றில் வளர்க்கலாம். சுமக்கிறவளின் கருமுட்டையையே எடுத்துக்கொள்கிற வழியும் இருக்கிறது, ஆனால் அதை அவர் செய்வதில்லை. பின்னால் மனசுக்குள் சண்டை வரும். சுமக்கிறவள் சொந்தக்காரியாக இருக்கலாம். ஆஸ்பத்திரியே பார்த்து வைக்கிற பெண்ணாக இருக்கலாம்; அவர்களை மதுரையில் ஒரு வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இல்லை, நாங்களே யாரையாவது கூட்டிவரலாம். யாராக இருந்தாலும் ஏற்கெனவே பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும், புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் என்று தனியாக எதுவும் இன்னும் வரவில்லை, எழுதிக்கொள்கிற பத்திரம்தான். “தத்து எடுக்கிறதையும் யோசிச்சுப் பாருங்க. இது ஒரே தடவையில நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்,” என்றார் கடைசியில்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். படியிறங்கும்போது மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். “பெறக்கிற பிள்ளை யார மாதிரி இருக்கும்?”

“ஒங்கள மாதிரி இருந்துறக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு எறங்குறேன்,” என்றாள். மூன்று வருஷத்தில் அவள் சொன்ன முதல் கேலி. அதற்காகவே இதைச் செய்துவிட வேண்டும் என்று அந்தப் படியில் முடிவு செய்தேன்.

மனைவியின் தங்கை சரி என்றாள். அவள் மாமியார் வீட்டில் முடியாது என்றார்கள். முகம் தெரியாத பெண் வேண்டாம் என்று மனைவி சொன்னாள். அவள் என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று தெரியாமல் பத்து மாதம் எப்படி இருப்பது? மிச்சம் இருந்தது மூன்றாவது வழி. நாங்களே தேட வேண்டும்.

எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தீபாவளி, பொங்கலுக்குத்தான் வருவான். ஐந்து வயதில் ஒரு பெண். காம்பரா என்கிற ஒற்றை அறையில் மாமியாரோடு குடித்தனம். மழை பெய்தால் உள்ளே மூன்று இடத்தில் சட்டி வைப்பார்கள். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்பது அவள் ஆசை. தினமும் என் ஜீப்பில்தான் காபித் தோட்டத்துக்குப் போவாள். என் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள். அதனாலேயே என் மனைவிக்கு அவள்மீது மதிப்பு.

மனைவிதான் அவளிடம் பேசினாள். அவள் இரண்டு வாரம் யோசித்து, புருஷனிடமும் கேட்டுவிட்டு வந்தாள். “தோட்டத்துல கொந்தரப்பு எடுக்கிற மாதிரித்தானே அக்கா. ஒரு துண்டு மலைய இத்தன நாள்ல முடிச்சுத் தாறேன்னு பேசிக்கிறது. இது பத்து மாசக் கொந்தரப்பு,” என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் பயத்தைப் போக்குகிறேன் என்று, “ஆமா தாயி. லோடு எங்களோடது, டீசல் எங்களோடது. வண்டி மட்டுந்தான் ஒன்னோடது,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “வண்டிக்கு வலிக்காதுண்ணே,” என்றாள். கோபமே இல்லாமல், சாவி கீழே விழுந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

முதல் தடவை கரு நிற்கவில்லை. இரண்டாவது தடவை நின்றது. மனைவியை வத்தலக்குண்டில் அவள் அம்மா வீட்டில் விட்டேன். வைத்தியம் பலித்திருக்கிறது, டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று ஊருக்குச் சொன்னோம். லயத்தில் யாருக்கும் தெரியாது, சுமக்கிறவளின் மாமியாருக்கும்கூட. ஏழாம் மாதம் மதுரை வீட்டுக்குப் போய்விடுவாள், அதுவரை மகளோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. மாதாமாதம் செக்கப்புக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கேட்டால் முட்டி வலி வைத்தியம் என்று சொல்ல வேண்டும். பொய்யை மூன்று பேரும் ஒத்திகை பார்த்தோம். நான் மட்டும் கூடுதலாக, எந்த முட்டி என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். இடது.

எல்லாப் பொய்யையும் ஒழுங்காகச் சொன்னேன். ஆனால் என் காலுக்கு யாரும் பொய் சொல்லித்தரவில்லை. அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடும். கை ஹாரனுக்குப் போகாது. என் சொந்தப் பிள்ளை வண்டியில் இருக்கிறது. பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிறவன் மாதிரி ஓட்டினேன்.

ஆறாம் மாதம், டீக்கடையில் என் கூட்டாளி டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஏலே, வியாழக்கெழம லயத்துப் பிள்ளைய ஏத்திக்கிட்டு எறங்குனியே, என்ன சோலி?”

“அதுக்கு முட்டி வலிப்பா. எடது முட்டி.”

“முட்டி வலிக்கு ரெண்டாவது கியராடா?”

அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

“ஒனக்கு எதுத்தாப்ல நாந்தான் வந்தேன். ஒதுங்கிக்கூட நின்னேன். அப்பறந்தான் யோசிச்சேன், நம்ம எதுக்கு ஒதுங்குனோம்னு. நான் மட்டுமில்ல மாப்ள, நாலு வண்டி ஒதுங்கியிருக்கு. ஒம் பொண்டாட்டி கீழ படுத்துக் கெடக்கு. அந்தப் பிள்ளை புருசன் திருப்பூர்ல கெடக்கான். கணக்குப் போடத் தெரியாதவனா ஸ்டாண்டுல ஒக்காந்திருக்கான்?”

“நீ நெனைக்கிற மாதிரி இல்ல.”

“நான் ஒன்னும் கேக்கல. நீயும் ஒன்னும் சொல்லாத. இனிமே வெரசா ஓட்டு.” டீக்கிளாசை வைத்துவிட்டு எழுந்துபோனான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். சொன்னால் என் பெயர் தப்பிக்கும். லயத்துக்காரியின் பெயர்? காசுக்குப் பிள்ளை சுமக்கிறவள் என்பார்கள். டாக்டரம்மா போட்ட படத்தை லயத்து வாசலில் ஒட்டிவைத்து விளக்கவா முடியும்? எனக்கே படியில் வைத்துத்தான் பாதி விளங்கியது.

அதற்குள் பேச்சு லயத்துக்கு ஏறிவிட்டது. “மாமியா எனக்குத் தனியா பானை வச்சிருச்சுண்ணே. புள்ளைய எங்கூடப் படுக்க விட மாட்டேங்குது,” என்றாள் அவள். அழவில்லை. ஏழாம் மாதம் வரை காத்திருக்காமல் அந்த வாரமே மதுரைக்குப் போனாள். திருப்பூரிலிருந்து புருஷன் தன் அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினான்: அவளைக் கம்பெனி வேலைக்கு நான்தான் வரச்சொன்னேன், ஊர் பேசுவதை நம்பாதே. மாமியார் பாதி நம்பினாள். மருமகள் வயிறில்லாமல், நல்ல உடம்போடு, திருப்பூரிலிருந்து திரும்பி வந்தால் மீதியையும் நம்புவாள். அந்த வீடும் அந்தப் பிள்ளையும் அவளுக்கு மிஞ்சுவது அந்தப் பாதி நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொங்கவிட்டது என் கால்.

அவள் மகள் தோட்டத்து வாசலில் நின்று, ஜீப் திரும்பும் வரை கையாட்டினாள். அன்றும் இரண்டாவது கியர் போடத்தான் கை போனது. அடக்கிக்கொண்டேன்.

குழந்தை பிறந்தது. ஆபரேஷன்தான். பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல குரல். என் மனைவியின் கையில் கொடுத்தார்கள். அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துவிட்டு, “தப்பிச்சுருச்சு,” என்றாள். பிறகு சுவரோடு சாய்ந்து அழுதாள்.

சுமந்தவளுக்குக் குழந்தையைக் காட்டவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக் கூடாது, அதுதான் அவளுக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் விதி. நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பத்திரத்தில் எனக்கு ஒரு வரி விடாமல் புரிந்த பகுதி அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து அவளை வீட்டில் கொண்டுபோய்விட வேண்டியிருந்தது. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸில் போகக் கூடாது, தையல் ஆறவில்லை, குலுங்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. “நம்ம வண்டியில பூ மாதிரி கொண்டு போயிருவேங்க,” என்றேன்.

வத்தலக்குண்டு வரை பூ மாதிரித்தான் போனோம். மலை ஏறியதும் அவள் கேட்டாள். “என்ன புள்ளண்ணே?”

நான் ரோட்டைப் பார்த்தேன்.

“சொல்லக் கூடாதுன்னா வேணாம்.”

“பொம்பளப் பிள்ளை,” என்றேன்.

பண்ணைக்காடு பிரிவு வந்ததும் அவள் முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“இனி வேகமா ஓட்டுங்கண்ணே.”

“தையல் இருக்கு தாயி.”

“ஸ்டாண்டுல ஆளுக இருப்பாக. நீங்க மெதுவா போனா வயித்தப் பாப்பாக. என் வீட்டு வாசல்ல போய் நான் நிக்கணும். வேகமா ஓட்டுங்க.”

பிரிவிலிருந்து லயம் வரை சாலை எப்படிக் கிடக்கும் என்று எனக்கு மனப்பாடம். எந்தப் பள்ளத்தில் எந்தச் சக்கரம் இறங்கும் என்று தூக்கத்தில் சொல்வேன். மூன்றாவது கியர் போட்டேன். அவள் சுருட்டிய முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். ஸ்டாண்ட் தெரிந்ததும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனேன். டீக்கடையிலிருந்து கூட்டாளி கையைத் தூக்கி, “என்னடா, சந்தைக்கு நேரமாச்சா?” என்று கத்தினான். யாரும் ஒதுங்கவில்லை. நான்தான் ஓரத்துப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். அவள் முந்தானையை எடுத்துவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். என் வண்டியில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லயத்தில் மாமியார் வாசலில் நின்றாள். மகள் ஓடிவந்து தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. அவள் தூக்கவில்லை. நான் முந்திக்கொண்டு குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்து, திருப்பூர்ல உங்கம்மா ஒனக்குப் பனியன் தைக்கிறேன்னு எனக்குப் பாவாடை தச்சிருச்சு என்று ஏதோ உளறினேன். குழந்தை சிரித்தது. மாமியாரும் சிரித்தாள். அதற்குள் மருமகள் ஒரு கையால் நிலையைப் பிடித்து உள்ளே போய்விட்டாள். ஜீப்பின் சீட்டில் ஒரு ரூபாய்க் காசளவு ரத்தத்தில் நனைந்திருந்தது. லயத்துக்குக் கீழே ஓடையில் நிறுத்தித் துடைத்தேன்.

இன்னும் ஒரு மாதம் கழித்து மனைவியையும் மகளையும் கூட்டிவந்தேன். இரண்டாவது கியர். ஹாரன் இல்லை. எல்லா வண்டியும் ஒதுங்கின. ஸ்டாண்டில் கூட்டாளி சீனிப் பொட்டலத்தோடு நடுரோட்டில் நின்று, ஒரு கை அள்ளி என் வாயில் திணித்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

லயத்துக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒதுங்கி, குனிந்து குனிந்து உள்ளே பார்த்தார்கள். யார் ஜாடை என்று பேசிக்கொண்டார்கள். சுமந்தவளும் நின்றாள். மனைவி பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அவள் குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முதல் கியருக்கு மாற்றினேன். அதைவிட மெதுவாக ஓட்ட வண்டியில் கியர் இல்லை.