றோஸி டீச்சரின் மூன்று சொற்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் றோஸி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. மிடில் ஈஸ்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஏஜென்சி மாடியில் இங்கிலீஷ் படிப்பிப்பவள். அடுப்படிச் சாமான்களின் பெயரையெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொடுப்பாள். மனசு சம்பந்தப்பட்ட பாடம் வந்தால் மட்டும் மகா கஞ்சத்தனம். ஹெப்பி, ஃபைன், ஸொறி. அதோடு கடையைக் கட்டிவிடுவாள்.

"கோவம், கவலை, பயம், இதுகளுக்கெல்லாம் சொல் தெரிஞ்சா வாயில வந்திடும். வந்தா அடி விழும்," என்பாள். "இங்கிலீஷ் கதைக்க வாயைத் திறந்தாப் பல்லுத் தெரியோணும். சிரி!"

சிரிக்காமல் சொன்னவளைத் திரும்பத் திரும்ப எழுப்பிச் சொல்ல வைப்பாள். முகமும் சொல்லும் சேர்ந்து வந்த பிறகுதான் "வெரி குட்" கிடைக்கும்.

சும்மா சொல்லவில்லை அவள். பல வருஷம் அங்கே பிறத்தியார் அடுப்படியில் கிடந்து வெந்தவள். அந்தச் சிரிப்புத்தான் தன்னை உயிரோடு ஊர் கொண்டுவந்து சேர்த்தது என்று நம்பினாள். புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கும், எப்படி இருக்கிறாய் என்று கேட்ட பக்கத்து வீட்டு இமெல்டாவிடம் "ஃபைன்" என்று சிரித்தாளாம். இமெல்டா அதை இன்றைக்கும் சொல்லித் திட்டுகிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடக்கும்போதே வட்ஸ்அப்பில் வீடியோ கோல் வந்தது. நிஷாந்தினி. ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கிராண்ட்பாஸில் அறை எடுத்திருந்து றோஸியிடம் படித்துவிட்டு, இந்த வருஷம்தான் பிளேன் ஏறினவள். கன்னம் வீங்கியிருந்தது.

"டீச்சர், அந்த வீட்டுல இருந்து ஓடி வந்துட்டேன். பொலிஸ்ல இருக்கேன். கூட்டிட்டுப் போக மொதலாளி வந்து வாசல்ல நிக்கிறாரு. போனா கொன்னுடுவாங்க டீச்சர். ஒபிசர் இங்கிலீஷ்ல என்னமோ கேக்குறாரு. பயமா இருக்குன்னு எப்புடி சொல்றது?"

றோஸி அதிகாரியிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, தன் இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, நீ ஏஜென்சிக்காரி, உன் கதை எனக்கு வேண்டாம், அவள் வாயால் சொல்லட்டும் என்றார். அந்த வீடு எப்படி என்று நான் கேட்டதற்கு இவள் ஹெப்பி என்றாள், சிரித்தாள், இவளை எதற்கு இங்கே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டு, ஃபோனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்கெயார்ட்," என்றாள் றோஸி. "சொல்லு பிள்ளை. ஐ ஆம் ஸ்கெயார்ட்."

நிஷாந்தினி அதிகாரியைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். "ஐ ஆம் ஸ்கெயார்ட், சேர்."

உச்சரிப்பு அச்சாக வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அதிகாரியும் சிரித்துவிட்டார். வாசலில் நின்ற ஆளை உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார்.

"சிரிக்காத பிள்ளை! சிரிக்காத!" என்று றோஸி கத்தினாள். டீச்சர் கத்தினால் எங்கேயோ பிழை விட்டோம் என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இன்னும் அகலமாகச் சிரித்துத் திரும்பச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வடிகிறது, வாய் சிரிக்கிறது. பாவி, நான் பழக்கின வாய் என்று றோஸி தலையில் அடித்துக்கொண்டாள். வகுப்பே எழுந்து நின்றது.

அந்த ஆள் நிஷாந்தினியின் கையைப் பிடித்துவிட்டான். என்ன சொல்லி அவளுடைய சிரிப்பை நிறுத்துவது? றோஸிக்கு ஒரு பாஷையிலும் ஒரு சொல்லும் வரவில்லை. ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஓவென்று அழுதாள். புருஷன் பெட்டியில் கிடந்தபோது அழாத அழுகை அது. மூக்கு ஒழுக, வாய் கோண, இத்தனை பெண்கள் பார்த்து நிற்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள்.

நிஷாந்தினி அதைப் பார்த்தாள். றோஸி டீச்சர் அழுது அவள் கண்டதேயில்லை. அவளுடைய உதடு நடுங்கியது. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி திடுக்கிட்டு எழுந்தார். அந்த ஆளைப் பார்த்து அரபியில் ஏதோ சத்தம் போட்டார். அவன் வாதாடிப் பார்த்தான், கையை விட்டான், கடைசியில் தனியாகத்தான் வெளியே போனான். ஒரு பொலிஸ்காரி தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

நிஷாந்தினியின் அழுகை நிற்கவில்லை.

"வெரி குட்," என்றாள் றோஸி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வெரி குட் பிள்ளை. நிப்பாட்டாத."