தவளை மெல்லாது, விழுங்கும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'பசை டீச்சர்' என்று பெயர். வைத்தவர்கள் நான்கு, ஐந்து வயது வாண்டுகள். காரணமும் நியாயமானதுதான். எந்நேரமும் அவள் விரல்நுனிகளில் பசை காய்ந்து தோல்போல் உரிந்துகொண்டிருக்கும். காலி டப்பா, தீர்ந்த நூல்கண்டு, பல் போன சீப்பு எதையும் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. "இது வீடா, பழைய பேப்பர் கடையா?" என்று லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் அடிக்கடி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே, வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டுவார்.

கல்யாணத்துக்கு முன்பு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மடிப்பு வேலை செய்தாள். அங்கிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடும் உதவியாளாக வந்தாள். மூக்கைத் துடைத்தபடியே படித்து, பரீட்சை எழுதி, டீச்சரும் ஆகிவிட்டாள். ஆனாலும் இன்னும் தற்காலிகம்தான். எல்லோரும் 'பெரிய டீச்சர்' என்று அழைக்கும் தலைமையாசிரியை மனசு வைத்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

அவளிடம் இருந்த ஒரே கோளாறு பயம். உலகத்துச் சாமான்கள் அவளுக்கு இரண்டே வகை: பிள்ளைகளின் தொண்டைக்குள் போகக்கூடியவை, போக முடியாதவை. டிஷ்யூ பேப்பர் சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்றை அலமாரியில் வைத்திருந்தாள். எது புதிதாக வந்தாலும் அதற்குள் போட்டுப் பார்ப்பாள். குழாய்க்குள் விழுந்துவிட்டால் அது பிள்ளைகள் கைக்குப் போகாது. வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா, "இருங்க டீச்சர், நானும் உள்ள போறேனான்னு பாத்துடுவோம்" என்று கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள், ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது மேய்த்துவிட்டு வந்து சிரித்தால் நன்றாயிருக்கும்.

அவளுடைய ஒரே மகளும் அதே வகுப்பில்தான் இருந்தாள். வீட்டிலும் பாப்பா, வகுப்பிலும் பாப்பா. தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று பசை டீச்சருக்கு அதற்கும் ஒரு பயம். அதனால் பாப்பாவைக் கடைசியில் உட்காரவைத்தாள். அந்தப் பக்கம் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால், "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்" என்பாள். சொல்வதற்கு நல்ல பழமொழிதான்.

மழை விட்ட ஒரு வாரம், மைதான ஓரத்துக் குட்டையில் தவளைகள் கச்சேரி வைத்தன. பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், தவளைதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. சரி, தவளையையே பாடமாக வைத்துவிடலாம் என்று பசை டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"படத்தைக் காட்டினா போதாதா? எதுக்கு இந்தக் கூத்து?" என்றார் பெரிய டீச்சர்.

"ஒரு சின்ன விளையாட்டு, மேடம். கப்புல தவளை, காகிதத்துல ஈ. நாக்கை நீட்டி ஈயைப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

காகிதக் கப்பைக் கவிழ்த்துப் பச்சை அடித்து, பக்கத்தில் வாய் வெட்டினாள். வாயிலிருந்து சிவப்பு ரிப்பன் நாக்கு. முதலில் நாக்கு நுனியில் காந்தத்தையும் ஈயில் இரும்புத் தகட்டையும் வைத்தாள். காந்தக் கனத்தில் நாக்கு வாடிய கீரைபோல் தொங்கியது. வீசினால் போகவில்லை. அதனால் மாற்றினாள். தகட்டை ரிப்பனுக்குள் வைத்துத் தைத்தாள். பரிசுப் பெட்டி மூடிகளில் பதித்திருக்கும் குட்டிக் காந்தங்களைப் பெயர்த்து, கறுப்புக் காகித இறக்கை ஒட்டி ஈயாக்கினாள். வீட்டு மேஜையில் பாப்பாவும் கூட உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கொண்டு இறக்கை ஒட்டினாள். ஒவ்வொரு ஈயையும் பசை டீச்சர் குழாய்க்குள் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. விரிந்த இறக்கை விளிம்பில் தட்டி நின்றது. நிம்மதியாகத் தூங்கினாள். ஈக்கு இறக்கையைப் பிய்த்தால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒட்டுகிறவளுக்கு ஒட்டினது ஒட்டினதுதான்.

மறுநாள் நீலப் பாயைக் குளமாக விரித்து, அதன்மேல் ஈக்களைப் பரப்பினாள்.

"தவளைக்கு மெல்லத் தெரியாது, கண்ணுங்களா. பிடிச்சா அப்படியே முழுசா விழுங்கும். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கும். ஏன் தெரியுமா? அதோட கண்ணு ரெண்டும் உள்ள இறங்கி, இரையைத் தொண்டைக்குள்ள தள்ளிவிடும்!"

வகுப்பே வாய் பிளந்தது. கண்ணால் சாப்பாட்டைத் தள்ளுகிற பிராணி! எல்லோரும் கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை நீட்டி, 'களுக்' என்று காற்றை விழுங்கிப் பார்த்தார்கள். சாக்பீஸைத் தின்றுதின்று 'சாக்பீஸ்' என்றே பெயர் வாங்கிய பையன், குளத்தைச் சுற்றித் தத்தித் தத்திப் போய் நிமிஷத்துக்கொரு தரம் விழுங்கினான். அப்படிக் கலகலவென்று ஒரு வகுப்பு அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்ததில்லை. வாசல்வரை வந்து பார்த்த பெரிய டீச்சர்கூடச் சிரித்துவிட்டுப் போனார்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போனபிறகு, பசை டீச்சர் பாயைச் சுருட்டினாள். அடியில் இரண்டு ஜோடி கறுப்பு இறக்கைகள் கிடந்தன. இறக்கை மட்டும்தான். ஒன்று எச்சிலில் நனைந்து தரையோடு ஒட்டியிருந்தது.

அந்த ஈர இறக்கையைப் பெயர்த்துக் கையில் எடுத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையைப் பற்றிப் பேசிய வாய்க்கும் அதே கதியா? முழுசா விழுங்கும் என்று சொல்லிக் கொடுத்தது யார்? கண்ணை மூடிக்கொள் என்று வழி காட்டினது யார்?

அலமாரியை இழுத்தாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். ஆயாம்மா ஒட்டடைக் குச்சியால் பெஞ்சுக்கு அடியில் துழாவினார். அம்மாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்த பாப்பாவும் முட்டிபோட்டு ஊர்ந்து மூலைமூலையாகத் தேடினாள். ஒரு இரும்பு ஸ்கேலைத் தரையெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குண்டூசி வந்தது. காந்தம் வரவில்லை.

பெரிய டீச்சர் வந்து விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முழுங்கியிருந்தாலும் காலைல தன்னால வெளிய வந்துடும். இப்ப வீடுவீடா போன் பண்ணி பீதியைக் கிளப்பாதீங்க. நாளைக்கே பாதிப் பிள்ளைங்க வேற ஸ்கூல்ல இருப்பாங்க. உங்க வேலையையும் யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். வேலை நிரந்தரமானால் முதலில் என்ன செய்வது என்றுகூட வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பிறகு அந்த ஈர இறக்கையைப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம். நான் பண்றேன்," என்று போனை எடுத்தாள்.

முதல் சந்தேகம் சாக்பீஸ்மேல். டயர் கடை வைத்திருக்கும் அவன் அப்பா போனை எடுக்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போனாள். "குழந்தைகிட்ட கொஞ்சம் கேளுங்க, திட்டாம கேளுங்க, ஈயை முழுங்கினியான்னு." சிலர் பதறினார்கள். ஒருவர், "காந்தத்தைக் கொடுத்து விளையாட விடுறதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?" என்று எரிந்து விழுந்தார். ஒரு தாத்தாவுக்குக் காது மந்தம். "ஈயா? எங்க வீட்டுல கொசுதாம்மா" என்றார். வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு அம்மா மட்டும் அமைதியாகக் கேட்டார். "ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு ஈயோட இறக்கை கிடக்குது."

"ஒரே பிள்ளை ரெண்டையும் முழுங்கியிருந்தா காத்திருக்கவே கூடாது, டீச்சர். உள்ள போயி ஒண்ணை ஒண்ணு இழுக்கும். நடுவுல குடல் மாட்டிக்கிட்டா ஓட்டை விழுந்துடும். யாருன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் தூக்கிட்டு வாங்க. நான் டியூட்டிலதான் இருக்கேன்."

பெரிய டீச்சருக்கும் அது கேட்டது. தன் போனை எடுத்து, பட்டியலின் அடியிலிருந்து அவரும் கூப்பிட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு வீடாக 'இல்லை' என்றது. ஒவ்வொரு 'இல்லை'க்கும் நிம்மதி வருவதற்குப் பதில் பயம் கூடியது. முழுங்கின பிள்ளை இன்னும் மிச்சமிருக்கிற வீட்டில்தானே இருக்கவேண்டும்? தெய்வமே, அந்த வீட்டுக்காரர்கள் போனை எடுக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். பாப்பா தேடுவதை நிறுத்திவிட்டு, சுருட்டிய பாயின்மேல் காலை மடக்கிப் படுத்திருந்தாள். "பசிக்குதா? கொஞ்சம் பொறுடா செல்லம், அம்மாவுக்கு வேலை இருக்கு" என்று போனைக் காதில் வைத்தபடியே சொன்னாள்.

டயர் கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "டேய், இங்க வா!" என்று அதட்டிப் போனை மகன் கையில் கொடுத்தார்.

"தங்கம், டீச்சர் அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன். நீ ஈயை முழுங்கினியா?"

"இல்ல டீச்சர்."

"நிஜமாவா?"

"நான் சும்மா காத்தைத்தான் முழுங்கினேன். பாப்பாதான் நிஜமா முழுங்குச்சு. இறக்கை கசக்குதுன்னு பிச்சுப் போட்டுடுச்சு. ரெண்டு." அவன் குரலில் பொறாமை தெரிந்தது. "கண்ணை மூடிக்கிட்டே முழுங்குச்சு டீச்சர். அதுதான் ஃபர்ஸ்ட்."

போன் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாப்பாவை வாரித் தூக்கினது தெரியும். பெரிய டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடி ஆட்டோவை மறித்தது தெரியும். வழியெல்லாம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியாது.

எக்ஸ்ரே படத்தில் பாப்பாவின் வயிற்றுக்குள் இரண்டு வெள்ளை வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. நல்லவேளையாக இன்னும் குடலுக்கு இறங்கவில்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். கதவுக்கு வெளியே அவள் நின்றுகொண்டே இருந்தாள். சேதி கேட்டுக் கருவிப்பையோடு ஓடிவந்த வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர், "எடுத்தாச்சு. காலை வரைக்கும் விட்டிருந்தா கதையே வேற" என்றார். பெரிய டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பா கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் அம்மா மட்டும் இருந்தாள்.

"ஏன்டா கண்ணு, அம்மாகிட்ட சொல்லல? அம்மா எவ்வளவு தேடினேன்?"

பாப்பாவுக்குத் தொண்டை கரகரத்தது. "நீ எல்லார்கிட்டயும் கேட்ட. என்கிட்ட கேக்கவே இல்லையே."

பசை டீச்சர் குனிந்து மகளின் வயிற்றின்மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்தாள்.

"இப்ப கேக்குறேன். வலிக்குதா?"

பாப்பா யோசித்தாள்.

"இப்ப இல்ல," என்றாள். "நாம தேடிக்கிட்டு இருந்தப்பதான் வலிச்சுது."